பழைய புடவைகளும் பழைய பொறியும்

காட்கோபர் கிழக்கில் பந்த் நகரில் குடியிருக்கும் நாங்கள் இருவரும் ஓரகத்திகள். ஒரே வீட்டிற்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுக்களையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள். இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகின்றோம். ஆதலால் இதில் வரும் ‘நாங்கள்’ என்னும் சொல்லை அன்பர்கள் பெருமைப் பன்மையாகக் கொள்ள வேண்டா. எண்ணினால் இரண்டே பேர்தாம்.

எங்கள் அத்தை மறைந்தபோது ஓர் இரும்புப் பெட்டியை விட்டுச் சென்றார். அதனுள் நகையோ பத்திரமோ இல்லை. இருபத்து மூன்று பருத்திப் புடவைகள் இருந்தன. சின்னாளப்பட்டிச் சுங்குடி ஏழு, செட்டிநாட்டுக் கண்டாங்கி மூன்று, மற்றவை பெயர் தெரியாத அன்றாடப் புடவைகள். 1968இல் மணப்பெண்ணாகத் திருநெல்வேலிச் சீமையினின்றும் ரயிலேறி வந்த நாள் தொட்டு, அவர் பட்டை விரும்பி உடுத்தியதை நாங்கள் கண்டதில்லை. அப்புடவைகளை என் செய்வது? பழந்துணி பெற்றுக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் மும்பையில் தெருத்தோறும் வருவார்கள். எங்கள் கட்டடத்து வாயிலில் அவர்கள் குரல் கேட்கும்போதெல்லாம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பெட்டியின் மேல் ஒரு போர்வையை இழுத்து மூடினோம். அத்தைக்குப் பேரப்பிள்ளைகள் நால்வர். ஆளுக்கொரு மெத்தைப் போர்வை தைத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மூத்த பேத்தி மேற்படிப்புக்காகச் செப்டம்பர் மாதக் கடைசியில் ஜெர்மனி செல்லவிருந்தாள். எங்கள் கையில் இருந்தவை நான்கு மாதங்கள்.

பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் வழக்கம் இந்நாட்டில் பழமையானது. மராட்டியர் அதனைக் கோதடி என்பர். வங்காளத்துக் காந்தாவும் பீகாரத்துச் சுஜனியும் அதன் உடன்பிறப்புகள். காந்தாவுக்கு வேராகச் சொல்லப்படும் வடசொல்லாகிய ‘கந்தா’ என்பதே நம் ‘கந்தை’யும் ஆயிற்று என்பர். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன நம் முன்னோர், அதனை அடுக்கித் தைக்கச் சொல்லாமைக்கு நம் ஊர் வெயிலே காரணம் போலும்! வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையை ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவர். ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான அவர்கள், நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ‘பூ’ வைக்காமல் போர்வையை முடிக்கமாட்டார்கள். கடல் கடந்தால், அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலையுடைகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சியகத்தில் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. ஏழைமையினால் பிறந்த தொழில் எங்கும் ஒரே முகத்தோடு இருக்கின்றது.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு மராட்டிய ஆஜி இருக்கிறார்; அகவை எழுபத்தெட்டு. அவர் கையால் ஒரு கோதடி தைக்க இரண்டு மாதங்கள் பிடிக்கும். முறையைச் சொல்லித் தந்தவர் அவரே. ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஒரு புடவையை நீளவாட்டில் மூன்றாக மடித்தால், ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமும் 1.15 மீட்டர் அகலமும் உள்ள மூன்றடுக்குத் துணி கிடைக்கும். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு வைத்தால் ஐந்தடுக்கு. பஞ்சு வேண்டுவதில்லை. நான்கு போர்வைகளையும் கையாலேயே தைக்க எட்டு மாதங்கள் ஆகும் என்று ஆஜி விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். வீட்டில் பழைய மிதி பொறி ஒன்று உண்டு. எங்களுள் மூத்தவரின் முழங்கால் இனி அதற்கு ஒத்துழைக்காது. எனவே மின்விசையால் ஓடும் பொறி ஒன்று தேவையாயிற்று.

போவாயில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தாரிடம், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கணினித் தையற்பொறி ஒன்று இருப்பதாக அறிந்து சென்றோம். கேட்ட விலை ஒன்பதாயிரம் ரூபாய். இத்தகைய பொறிக்கு அது மிகக் குறைவு. காரணம் வினவினோம். “துணி நகரவில்லை, பழுது பார்ப்பவர் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை போய்விட்டது என்கிறார், அதை மாற்றப் பொறியின் விலையே ஆகுமாம்” என்றனர். ஊசி ஏறி இறங்கியது; விளக்கு எரிந்தது; திரையில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. பலகை கெட்ட பொறி இவ்வளவும் செய்யுமா என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

முதலில் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகின்றோம். வெளிநாட்டினின்று பொறி கொண்டுவரும் குடும்பங்கள் நம்மிடையே பல. பொறியின் அடிப்பாகத்துத் தகட்டில் 120 வோல்ட் என்று பொறித்திருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேரே செருகினால் அப்பொழுதே புகை எழும். போவாயில் அவர்கள் வைத்திருந்த மின்மாற்றியைப் பிறிதொரு கருவிக்காக எடுத்துக்கொண்டார்கள். ஆதலால் தாதரில் ரயில் மாறிக் கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலையில் 300 வாட் தாங்கும் மாற்றி ஒன்றை வாங்கினோம். பயணிகள் எடுத்துச் செல்லும் கையடக்க மாற்றிகள் சில, இஸ்திரிப்பெட்டி போன்ற வெப்பக் கருவிகளுக்கு மட்டுமே உரியவை. மின்னணுப் பொறிகளுக்கு அவை எமன். இரும்பும் செம்புக்கம்பியும் கொண்டு கனமாக இருப்பதே நமக்கு வேண்டியது. தூக்கிப் பார்த்துக் கை வலித்தால் வாங்கலாம்.

இனி, நகராத துணி. தாராவியில் நாற்பது ஆண்டுகளாகத் தையல் மிஷின் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பொறியைச் சுற்றி வந்து பார்த்தார். கணினிப் பொறியை அவர் அவ்வளவாக நம்புகிறவர் அல்லர். ஊசியின் கீழுள்ள தகட்டை விரலால் தடவினார். பின்னர்ப் பொறியின் முதுகுப்புறத்தே இருந்த ஒரு சிறு நெம்புகோலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். தகட்டின் பிளவுகளினின்று பற்கள் மேலெழுந்தன. “பல்லு உள்ள கெடந்துச்சு தாயி, வேற ஒண்ணுமில்ல” என்றார். ரயில் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார். காப்பி மட்டும் இருமுறை குடித்தார்.

அந்தப் பற்களைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். எங்கள் வேலை முழுதும் அவற்றைச் சார்ந்தது. சாதாரணத் தையலில், ஊசி மேலே இருக்கும் நொடியில் பற்கள் எழுந்து துணியைப் பின்னே தள்ளும். எத்துணைத் தொலைவு தள்ளுகின்றனவோ அத்துணை நீளம் ஒரு தையல். நேர்கோட்டுக்கு இது சிறப்பு. ஆனால் போர்வையின் மேல் கொடியும் சுழியும் கோலமுமாகத் தைக்க வேண்டுமானால், துணி முன்னும் பின்னும் பக்கத்திலும் போக வேண்டும். அதற்குப் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, துணியை இரு கைகளாலும் நாமே நகர்த்த வேண்டும். பேனாவை அசையாமல் பிடித்துத் தாளை அசைத்து எழுதுவது போன்றது இது. போவாய் வீட்டில் யாரோ இவ்வாறு தைப்பதற்காகப் பற்களை இறக்கி, அப்படியே விட்டிருக்க வேண்டும். பழுது என்று சொல்லப்பட்டது, நாங்கள் தேடிச்சென்ற வசதியே!

இது புதுமையும் அன்று. நம் ஊர்களில் மிதி பொறியின் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் இறுக்கிய கைக்குட்டையை ஊசியின் கீழ் வட்டமிட்டு நகர்த்திப் பெயரும் பூவும் தைத்துக் கொடுத்த தையற்காரர்கள் எத்தனை பேர்! 1979இல் ஜப்பானிய நிறுவனமான ஜனோமே, தையல் வகைகளை நினைவில் வைக்கும் கணினிப் பொறியை வீட்டு உபயோகத்துக்கு விற்கத் தொடங்கியது. அப்பொறியின் வழிவந்தவை எத்துணை அறிவு பெற்றிருந்தாலும், பற்களை இறக்கிய பின் துணியின் போக்கு அறியா. அங்கே கைதான் கணினி.

ஆயினும் கணினியின் பிடிவாதம் ஒன்று உண்டு. நிறுத்தி மீண்டும் இயக்கினால் அது முன்பு சொன்னவற்றையெல்லாம் மறந்துவிடும். தையல் நீளம் 2.5க்கும், ஊசி இடது ஓரத்துக்கும் திரும்பிவிடும். மும்பை மழைக்காலத்தில் மின்சாரம் ஒரு நொடி கண்சிமிட்டினாலும் இதே கதி. பற்கள் இறங்கியிருக்கையில் நீளம் எதுவானாலும் பெரிதில்லை. பூஜ்யத்தில் வைத்தால் பற்களின் வீணசைவு குறையும், அவ்வளவே. ஊசியின் இடம் அப்படியன்று. நடுவில் துளையுள்ள பாதத்தை மாட்டியிருக்கும்போது ஊசி இடப்புறம் இறங்கினால் பாதத்தின் மேல் மோதி உடையும். உடைந்த துண்டு கண்ணுக்குத் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் பொறியை இயக்கும் ஒவ்வொரு முறையும், மிதிக்குமுன் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி நடுவே இறங்குகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கினோம். மூக்குக்கண்ணாடியின்றி உட்காருவதில்லை.

பாதம் வேறு. துணியை அழுத்திப் பிடிக்கும் வழக்கமான பாதம் இதற்கு உதவாது. ஒவ்வொரு குத்திற்கும் தத்தி எழுந்து, துணிக்கு வழிவிடும் வில் வைத்த பாதம் வேண்டும். அதன் சிறு கை, ஊசியை இறுக்கும் திருகின் மேல் படியுமாறு மாட்ட வேண்டும். கீழே படிந்தால் பாதம் தத்தாது. வாங்கும்போது, பொறியின் தண்டு குட்டையா நெட்டையா என்று அளந்து செல்வது நலம். இரண்டும் கடைகளில் ஒரே பெட்டியில் கிடக்கும்.

ஊசித் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். பல்லாண்டுத் துணித்தூசு படிந்து, கம்பளம் போல் இறுகியிருந்தது. வாயால் ஊதக் கூடாது. நம் மூச்சின் ஈரம் இரும்புக்குப் பகை, அதிலும் காட்கோபரின் ஜூலை மாதத்தில். சிறு தூரிகையால் வாரியெடுத்தோம். கூடவே வந்த பாபின்கள் இரு வேறு உயரத்தன. அவற்றுள் பொறியின் குறிப்பேட்டில் கண்ட உயரத்துக்கு ஒத்த ஆறை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தோம்.

எல்லாம் ஒழுங்கான பின்னரும் தையல் ஒழுங்காக வரவில்லை. இங்கேதான் எங்களுக்கு அச்சம். புதுத்துணியாயின் பிரித்துத் தைக்கலாம். ஐம்பதாண்டு துவைத்த சுங்குடியில் ஒரு தையலைப் பிரித்தால், நூலோடு துணியும் வரும். அத்தையின் புடவை கடையில் கிடைக்காது. ஆகவே, வீட்டிலிருந்த கிழிந்த வேட்டிகளை அதே ஐந்தடுக்காக மடித்து ஒரு முழச் சதுரங்களாக்கி, அவற்றின் மேலேயே எல்லாச் சோதனையும் செய்வது, அதில் இருவரும் நிறைவடையும்வரை பெட்டியைத் திறப்பதில்லை என்று உறுதி செய்தோம். ஒவ்வொரு சதுரத்தின் மேலும் அமைப்பின் எண்ணைப் பேனாவால் எழுதினோம்.

தையற்பொறி இரண்டு நூல்களால் தைப்பது. எலியாஸ் ஹோ என்னும் அமெரிக்கர் 1846இல் காப்புரிமை பெற்ற முறையே இன்றும் நிற்கிறது. மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவயிற்றில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மேல்நூலின் இறுக்கம் மிகுந்தால் அடிநூல் மேலே வந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். குறைந்தால் மேல்நூல் கீழே போய்த் தொங்கும். இறுக்கம் 4 என்னும் எண்ணில் வைத்த சதுரத்தில் மேலே புள்ளிகள். 2இல் அடியில் வளையங்கள். 3இல் நேர்கோடு இருபுறமும் ஒன்றுபோல இருந்தது. அடிநூல் பெட்டியின் திருகை நாங்கள் தொடவில்லை. அதன் தலையில் இட்ட வண்ணப்பொட்டு கலையாதிருந்தது, கலையாததைக் கலைப்பானேன்?

அடியில் நூல் பெருங்கூடாகச் சிக்கிக்கொண்டால் அடிநூலையே ஐயுறுவது இயல்பு. பெரும்பாலும் குற்றம் மேலேதான். நூல் கோக்கும்போது பாதம் உயர்ந்திருந்தால் மட்டுமே இறுக்கத் தட்டுகள் விலகி, நூல் அவற்றின் நடுவே சென்று அமரும். தைக்கும்போது பாதம் தாழ்ந்திருந்தால்தான் தட்டுகள் நூலைப் பற்றும். தத்தும் பாதமோ தாழ்த்திய பின்னும் துணியைத் தொடாமல் மிதப்பது போலவே தோன்றும். பார்வையை நம்பக் கூடாது, நெம்புகோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பொறி பாதம் உயர்ந்திருந்தால் ஒலியெழுப்பித் தைக்க மறுத்துவிடுகிறது. பழைய பொறிகள் மறுப்பதில்லை. கூடு கட்டியே உணர்த்தும்.

நேர்கோடு அமைந்தது, வளைவு அமையவில்லை. சுழியின் திருப்பந்தோறும் துணியின் அடியில் கண்ணிமை மயிர் போல நூல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. இதற்கு விடை காண இரண்டு வாரங்கள் சென்றன. எண்ணை மாற்றினால் வளைவு சரியாகும், நேர்கோட்டில் புள்ளி விழும். பிறகு கணக்குப் போட்டோம். பொறி நிமிடத்துக்கு 600 குத்துக் குத்துகிறது என்று கொண்டால் நொடிக்குப் பத்து. தையல் ஒன்று 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமானால், கை நொடிக்கு 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், நகர வேண்டும். எங்களுள் இளையவரின் கையைப் பிள்ளைகள் கைபேசியில் படம் பிடித்து அளந்தார்கள். நேர்கோட்டில் ஓர் அங்குலமே, வளைவில் இரண்டு! திரும்பும் இடத்தில் கை தன்னையறியாமல் வீசிவிடுகிறது. அவ்வேகத்தில் மேல்நூல் இழுபட்டு அடியில் சாய்கிறது. ஊசி துணிக்குள் இருக்கும்போதே இழுத்தால் ஊசியும் வளைந்து தகட்டில் மோதும். மூத்தவரின் கையில் இக்குறை இல்லை. அரிசிமாக் கோலம் போட்ட கை அது. வளைவில் தானே தயங்கும். ஆகையால் வளைவுகள் மூத்தவருக்கு, நேர்கோடுகள் இளையவருக்கு என்று வேலையைப் பங்கிட்டோம். இப்பங்கீட்டால் வீட்டில் எழுந்த விவாதங்களை இங்கே எழுதுவதற்கில்லை.

பொறியின் பக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நகர்த்தி ஒன்று உண்டு. அதனை நடுவில் வைத்துவிட்டு மிதியை முழுதும் அழுத்தினால் வேகம் மாறாமல் நிற்கும். கைக்கு ஒரு தாளம் கிடைக்கும். மிதி பொறியில் இல்லாத பெருவசதி இதுவே. விரல் வழுக்காதிருக்க, வங்கியில் நோட்டு எண்ணுபவர் மாட்டும் ரப்பர் உறைகளை எங்கள் வீட்டு வங்கி ஊழியர் கொண்டுவந்து கொடுத்தார். போர்வையின் கனம் மேசை விளிம்பில் தொங்கி இழுத்தால் தையல் நீளம் கெடும். பொறியின் மேடைக்குச் சமமாகச் சுற்றிலும் உயர்த்த ஏதேனும் வேண்டியிருந்தது. இவ்விதழின் பழைய பிரதிகள் பதினோரு ஆண்டுக் கட்டு எங்களிடம் இருந்தன, சரியான உயரம். ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

ஊசி, நூல் பற்றியும் ஒரு சொல். ஊசியின் மேல் காணும் 90 என்னும் எண், அதன் தண்டின் விட்டம் 0.90 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். போர்வை தைப்பார் பலரும் 90ஐயே சொல்வர். எங்கள் நைந்த புடவையில் அது துளையாகத் தெரிந்தது, 80 தெரியவில்லை. அத்தையின் பெட்டி மூலையில் மரக்கட்டையில் சுற்றிய வெள்ளை நூல் உருண்டைகள் ஒன்பது இருந்தன. அவருடைய தந்தையார் விக்கிரமசிங்கபுரத்து ஆலையில் வேலை பார்த்தவர். பாபநாசத்து அருவியின் விசையை நம்பி ஹார்வி சகோதரர் 1880களில் எழுப்பிய ஆலை அது. அந்நிறுவனம் வளர்ந்து மதுரை மில்ஸ் ஆகி, 1974இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் என்னும் பெயர் பெற்றது. பொருநைக்கரை நூலால் சுங்குடியைத் தைத்தால் எவ்வளவு பொருத்தம் என்று எங்களுக்கும் ஆசைதான். ஒரு முழம் அவிழ்த்து இழுத்துப் பார்த்தோம், இற்றுப்போயிற்று. அரை நூற்றாண்டு சென்ற பருத்தி நூல் எந்த ஆலையினதாயினும் இறுவது இயல்பே. கடையில் புதிய பருத்தி நூல் வாங்கி, மேலும் கீழும் அதையே கோத்தோம். பழைய உருண்டைகள் பெட்டியிலேயே இருக்கின்றன.

ஆகஸ்டு பதினேழாம் நாள், முப்பத்து நான்காவது வேட்டிச் சதுரத்தின் அடிப்புறத்தை ஆஜியிடம் காட்டினோம். அவர் மேற்புறத்தைப் பார்க்கவே இல்லை. அடியை விரலால் நீவிவிட்டு, இனிப் புடவையை எடுக்கலாம் என்றார். அன்று மாலை பெட்டியைத் திறந்தோம். மாம்பழ நிறத்துச் சுங்குடி மேலே, கண்டாங்கி கீழே, நடுவே அன்றாடப் புடவை ஒன்று. கைப்பிடி அகலத்துக்கு ஓர் ஊக்காகக் குத்தி, நடுவில் தொடங்கி ஓரம் நோக்கித் தைத்தோம். ஒரு புடவையின் தலைப்பில் மஞ்சள்கறை இருந்தது. அடுக்களையில் கை துடைத்த கறை. அதனை வெட்டி நீக்கலாமா என்று இளையவர் கேட்டார். மூத்தவர் அதனைச் சுற்றி ஒரு வட்டம் தைத்தார்.

முதற் போர்வை செப்டம்பர் இருபத்து மூன்றாம் நாள் பேத்தியின் பெட்டியில் சென்றது. விமானப் பெட்டிக்குள் ஒன்றரைக் கிலோ இடம் பிடித்தமையால் இரண்டு ஊறுகாய்ப் புட்டிகள் இங்கேயே தங்கின. இரண்டாவது முடிந்தது; மூன்றாவதில் பாதி. அமைப்பு எண்களை எழுதிய அட்டை ஒன்றைப் பொறியின் தலையில் ஒட்டியிருக்கிறோம்: ஊசி நடு, இறுக்கம் 3, நீளம் 0, பற்கள் கீழே. சட்டை தைக்க உட்காரும்போது பற்களை மேலே ஏற்றிச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதும் அதில் சிவப்பு மையில் இருக்கிறது.

ஆஜியின் கையில் பாதியில் நிற்கும் கோதடி ஒன்று உண்டு. கண் மங்கி வருவதால் ஆறு மாதமாக அது நகரவில்லை. நடுவை எங்கள் பொறியில் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். ஓரத்து நான்கு வரிசையை மட்டும் தமக்கு விட்டுவிட வேண்டுமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதனைக் கீழே கொண்டு வருகிறோம். அவருடைய புடவைகள் இன்னும் மெல்லியவை; வேட்டிச் சதுரங்களை மறுபடியும் மடித்து வைத்திருக்கிறோம்.